இடது பக்கத்து மலை

"மாப்ளே, ஈப்போவுல இறங்குறப்போ இடது பக்கத்து மலையைக் காணோம்லா. கிட்டப் போனதும் டபக்குனு வருது. கொஞ்சம் பாரு." மச்சான் அனுப்பிய இந்தக் குரல்பதிவு இன்னும் என் ஃபோனில் கிடக்கிறது. அழிக்க மனசு வரவில்லை, போட்டுக் கேட்கவும் தைரியம் இல்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி, அப்புறம் வீடுகளாகிவிட்டது. அங்கிருந்து ஈப்போவுக்கு இருபத்தைந்து வருடம் பேக்டரி பஸ் ஓட்டினார். நானோ கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டருக்கு ஊர்களைக் கட்டிக் கொடுக்கிறவன். ஓடுபாதை, கட்டடம், மரம், மலை எல்லாவற்றையும் நிஜத்தில் உள்ள இடத்திலேயே செய்து வைக்க வேண்டும். நான் ஈப்போவைக் கட்டியபோது அதில் பறந்து பார்த்துக் குறை சொல்வது மச்சானின் வேலை. பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், "இந்தப் பெட்ரோல் ஸ்டேஷன் இங்கே இல்லே மாப்ளே, முச்சந்தி தாண்டி" என்பார். ஊரை அவர் ஒருநாளும் ஆகாயத்திலிருந்து பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும், எனக்குத்தான் மூக்கு உடையும்.

மலை தாமதமாகத் தெரிவதெல்லாம் எங்கள் வேலையில் ஜலதோஷம் மாதிரி. கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க, தூரத்தில் இருப்பவற்றை மறைத்து வைத்து, விமானம் கிட்ட வந்ததும் காட்டுவோம். அந்தத் தூரத்தைக் கூட்டி அனுப்பினேன். "அப்படியேதான் இருக்கு" என்றார். இன்னும் கூட்டினேன். மலையையே அழித்துப் புதிதாகச் செய்தேன். "இப்போ கண்ட்ரோல் டவரும் காணோம்லா" என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மலை கல்லுக்குண்டாக நிற்கிறது, டவரும் நிற்கிறது! "என்ன மச்சான், விளையாடுறீங்களா?" என்று கேட்டேன். "படத்துல இருக்கு மாப்ளே, ஓட்டுறப்போதான் இல்லே" என்றார் பாவமாக. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. "என் வேலையில கோளாறே இல்லே. உங்க கம்ப்யூட்டர்ல படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு" என்று எழுதி முடித்துவிட்டேன். இந்த இழுபறியில் ஐந்து மாதம் ஓடியிருந்தது.

புது கார்டு வாங்க ஒரு சனிக்கிழமை காலை அவருடைய காரிலேயே ஈப்போவுக்குப் போனோம். அவர்தான் ஓட்டினார். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன், அவரும் பார்த்திருப்பார் என்று சும்மா இருந்தேன். கார் வேகம் குறையவே இல்லை. "மச்சான்!" என்று அலறினேன். பிரேக் போட்ட வேகத்தில் என் நெற்றி முன்னால் போய் இடித்தது. மோட்டார் சைக்கிள்காரன் கண்டபடி ஏசிவிட்டுப் போனான். "அலாமாக்! எங்கேருந்துலா வந்தான் இவன்? டபக்குனு வரான்!" என்றார் மச்சான். மலைக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். தினமும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு இவர் போகிற சாலை அது. கடைக்குப் போகவில்லை. சாவியை வாங்கி நானே ஓட்டி, நேராக ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பல நொடிகள் அவர் அழுத்தாமலே காத்திருந்தார். அச்சிட்டு வந்த தாளில் இடது பக்கம் பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தது. இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டரம்மா. பஸ் இனிமேல் கூடவே கூடாதாம். எத்தனையோ கோளாறைச் சரிசெய்தவன் அந்தத் தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் என்ன செய்ய முடியும்?

"எப்போ முதல்ல கவனிச்சீங்க?"

"அஞ்சு மாசம் இருக்கும் டாக்டர்."

"அப்பவே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாமே. யாருகிட்டயும் சொல்லலையா?"

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லே டாக்டர். யாருகிட்டயும் சொல்லலே" என்றார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். டாக்டரம்மா நீட்டிய மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது மச்சான் வீட்டோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், சிமுலேட்டர் பேச்சையே எடுப்பதில்லை. போன வாரம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி அழுதுவிட்டாள். "ஏன்ணே, யாருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவருகிட்டச் சொல்லியிருந்தாகூட அன்னைக்கே உங்கள இழுத்துக்கிட்டுப் போயிருப்பாரே" என்றாள். மச்சான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.