பெரியவர் வந்ததால் போன வேலை

தொண்டாமுத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் முஸ்தபா. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் நான் பாய்தான். பட்டா நகல் எடுக்கவும் ரேஷன் கார்டுக்கு உறை போடவும் தொடங்கிய கடை இது. இப்போது பாதி நேரம் வேலை தேடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதிலும் வீட்டிலிருந்தே செய்கிற வேலை தேடுகிறவர்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேலை தருகிறேன் என்று கிளம்பி வருகிறார்களே, அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் எனக்கு வாய் நிற்காது.

கிளாடிஸ் என் கடைக்கு அப்படி வந்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோயமுத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுத் தீர்த்துவைக்கிற வேலையில் வருஷக்கணக்காக இருந்தவள். கணவன் லியோ மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறான். அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் வந்து சேருவான். ஒரே மகள் ஆஷ்லி. ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. அந்த நேரத்தில் கிளாடிஸ் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். வீடு வந்து பார்த்தால், அக்கம்பக்கத்தார் குழந்தையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

மருந்து கொடுக்கிறார்கள். வலிப்பு குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. வரும்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், தெளிகிற வரைக்கும் பக்கத்தில் இருக்க விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தான்தான் என்று கிளாடிஸ் முடிவு செய்து வேலையை விட்டாள். லியோவின் சம்பளம் மட்டும் போதவில்லை. அதனால் குழந்தைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று தேடத் தொடங்கினாள். அவள் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

உலகம் வரிசையாக வந்து பல்லைக் காட்டியது. முதலில் வந்தவன் பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்யும் வேலை என்றான். வேலைக்கு முன் காப்புத்தொகை கட்டச் சொன்னான். வேலை கொடுக்கிறவன் எதற்குக் காசு கேட்கிறான் என்று நான் கேட்டதும் கிளாடிஸ் அதை அங்கேயே விட்டுவிட்டாள். அடுத்து வந்த கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை என்றால் ஒரு வருஷம் அலுவலகம் வந்து விசுவாசத்தை நிரூபித்த பிறகு சனிக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கலாம் என்று அர்த்தமாம். இதைச் சொல்லுவதற்கு அவளை ஆர்.எஸ்.புரம் வரை வரவழைத்தார்கள். மூன்றாவது இடத்தில் வேலை நிஜமாகவே கிடைத்தது. ஆனால் கம்ப்யூட்டரில் மவுஸ் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி விழும். அவள் ஆஷ்லிக்கு ஒரு கையால் சோறு ஊட்டிக்கொண்டு மறுகையால் மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தாள். எலியைக்கூட இப்படிப் பாடுபடுத்த மாட்டார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டாள்.

பிறகு நல்ல கம்பெனி கிடைத்தது. நல்ல கம்பெனி என்று நான் சொல்லவில்லை, இன்டர்நெட் சொன்னது. அங்கே வேலை செய்கிறவர்களே நட்சத்திரம் போட்டிருந்தார்கள், விருது எல்லாம் வாங்கியிருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரமாகப் போகும். தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் பதில் சொல்லும் வேலை, மத்தியானம் தொடங்கி இரவுச் சாப்பாட்டு நேரம் வரை. குழுவுக்குத் தலைமை தாங்கிய பெண் மானசா, சென்னைக்காரி. நேர்காணலிலேயே கிளாடிஸ் கேட்டிருக்கிறாள், குழந்தைக்கு முடியாமல் போனால் எழுந்து போகலாமா என்று. எங்களுக்குக் குடும்பம்தான் முதலில் என்று மானசா நெஞ்சில் கை வைத்துச் சொன்னாளாம். கிளாடிஸ் எனக்கு மிக்சர் பாக்கெட் வாங்கி வந்து கொடுத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளாடிஸின் வீடு மலையடிவாரத்தில், வாழைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. காட்டிலிருந்து யானை இறங்குகிற வழி அது. பொழுது சாய்ந்த பிறகு அங்கே யாரும் யானை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்பார்கள். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். கிளாடிஸின் சர்ச் பாஸ்டர் இதை மூடநம்பிக்கை என்று கண்டித்துப் பிரசங்கமே செய்திருக்கிறார். இருட்டிவிட்டால் அவரும் பெரியவர் என்றுதான் சொல்லுவார். நானும் அப்படித்தான் சொல்லுகிறேன், எதற்கு வம்பு.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் வாழை குலை தள்ளியது, பெரியவரும் வந்தார். வனத்துறை ஆட்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருங்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். கிளாடிஸ் வேலைக் குழுவில் அவசரமாக எழுதினாள்: பெரியவர் வந்திருக்காருங்க, போனதும் வாரேன். எழுதிவிட்டு விளக்கையும் கம்ப்யூட்டரையும் அணைத்து, ஆஷ்லியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் மானசாவின் பதில் இருந்தது. வீட்டுக்கு வருகிற விருந்தினர்களை வேலை நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளவும் என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தாள்.

கிளாடிஸுக்கு அது கிண்டலாகத்தான் பட்டது. யானையை விருந்தாளி என்கிறார்களே, தமாஷான அம்மணி என்று நினைத்துக்கொண்டு அவளும் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பினாள். யானைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாத மனிதர்களும் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரமே பெரியவர் மறுபடி வந்தார். இன்னும் போகலீங்க, வாழை சாப்பிட்டுட்டு இருக்காருங்க என்று எழுதினாள். அவர் சாப்பிடட்டும், நீங்கள் வந்து உட்காருங்கள் என்று பதில் வந்தது. அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த முறை பெரியவர் கம்பத்திலிருந்து தொங்கிய இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார். கிளாடிஸ் போனிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதினாள், பெரியவர் கேபிளைப் பிச்சுப்போட்டாருங்க என்று.

மறுநாளே அவளுக்குக் கம்பெனியிலிருந்து ஓர் அழைப்பு. வீட்டுச் சூழல் குறித்துக் கலந்துரையாட வேண்டும், கேமரா கட்டாயம் என்றது. வீட்டில்தான் கேபிள் அறுந்து கிடக்கிறதே. ஆஷ்லியையும் கூட்டிக்கொண்டு மத்தியானம் என் கடைக்கு வந்தாள். கடைசி மேஜையில் இருந்த கம்ப்யூட்டரை ஒதுக்கிக் கொடுத்தேன். நான் கல்லாவில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

திரையில் மானசாவும் கூட ஒருவனும் இருந்தார்கள். மானசா ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவள் குரலில் பேசினாள். பயப்படாமல் சொல்லலாம், இது நமக்குள் இருக்கும் என்று தொடங்கி, வீட்டில் அந்தப் பெரியவர் யார், மாமனாரா, வேலை பார்க்க விடமாட்டேன் என்கிறாரா, கையை ஓங்குகிறாரா என்றெல்லாம் கேட்டாள். கிளாடிஸ் திருதிருவென்று விழித்தாள். பிறகு விஷயம் புரிந்து, இன்னும் வெளிச்சம் இருந்த தைரியத்தில் சொன்னாள்.

"அய்யோ, அது யானைங்க."

 மானசாவோடு இருந்த ஆள் சிரித்தான். மானசா சிரிக்கவில்லை, அவள் குரல் மாறிவிட்டது. மாமனார் என்றால் அவர்களிடம் அதற்கு ஓர் உதவித் திட்டம் இருந்தது. மின்வெட்டு என்றால், இன்டர்நெட் இல்லை என்றால் விடுப்புக் காரணத்தில் இடம் இருந்தது. யானைக்கு இடம் இல்லை. தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டாள். இனி வந்தால் எடுத்து அனுப்ப முடியுமா என்று அந்த ஆள் கேட்டான். விளக்கை அணைத்துவிட்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறவள், வெளியே போய் யானையின் முகத்தில் ஃபிளாஷ் அடித்து வர வேண்டுமாம். இவர்களைக் கொண்டுபோய் ஒரே ஒரு பொழுது அந்தத் தோட்டத்தில் விட்டால் போதும், விருதையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

கிளாடிஸ் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் ங்க போட்டுத்தான் பேசினாள். அந்த வேலை அவளுக்கு வேண்டும், அது அவள் குரலிலேயே தெரிந்தது. திடீரென்று பாதிப் பேச்சில் எழுந்தாள். பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருந்த ஆஷ்லியின் கண்கள் ஒரு பக்கமாகச் செருகியிருந்தன. கீழே விழுவதற்கு முன் தாய் பிடித்துவிட்டாள். தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நான் பெஞ்சை இழுத்துப் போட்டு இடம் செய்து கொடுத்தேன். குழந்தையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பார்க்கப் பொறுக்கவில்லை.

கம்ப்யூட்டரிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. கிளாடிஸ், நீங்கள் கேமராவில் தெரியவில்லை என்றது. கொஞ்சம் பொறுத்து, ஃப்ரேமுக்குள் வாருங்கள் என்றது. எனக்கு வந்த கோபத்தில், இங்கே குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். மானசா பதறித்தான் போனாள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பதற்றம் அடங்கியதும் அவள் கேட்டது இதுதான்.

"ஓகே, டேக் கேர். கால் மணி நேரம் கழிச்சு மறுபடியும் ஜாயின் பண்ணலாமா?"

ஆஷ்லிக்கு இழுப்பு நின்று மூச்சு சீராகியிருந்தது. கிளாடிஸ் மகளின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"வேண்டாம். வை."

அவளை எனக்கு எத்தனையோ காலமாகத் தெரியும். ங்க இல்லாமல் அவள் ஒருவரிடம் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கத்தில் சண்டைக்காரனைத் திட்டும்போதுகூட ங்க போட்டுத்தான் திட்டுவார்கள். அது இல்லாமல் ஒரு பெண் பேசினால், எதிரில் இருப்பவர் நாலு நாளைக்குத் தலை நிமிர மாட்டார். சென்னையில் அது யாருக்குத் தெரியப்போகிறது? கிளாடிஸை வேலையிலிருந்து விடுவித்து அனுப்பிய கடிதத்தில், அண்மைக் காலத்தில் தெளிவாகவும் உறுதியாகவும் பேசும் திறன் மேம்பட்டிருந்தது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

அதன் பிறகு அவள் தேடுவதை விட்டுவிட்டாள். வேலை கிடைக்காமல் இருப்பதைவிட, இவர்களிடம் போய் மறுபடியும் குழந்தையின் சீக்கைச் சொல்லி அனுமதி கேட்பதுதான் கேவலமாக இருக்கிறது என்றாள்.

வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கிற ஈஸ்வரமூர்த்தி எங்கள் பக்கம் தேங்காய் எடுக்க வருவார். லாரி நிறைகிற வரைக்கும் என் கடையில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லுவார். துபாய்க்கும் மலேசியாவுக்கும் எண்ணெய் அனுப்ப ஆரம்பித்திருந்தார். அங்கிருந்து வருகிற இமெயிலுக்குப் பதில் எழுத ஆள் இல்லை என்று புலம்பினார். அவரை நான் தங்கமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். வேலையாட்களிடம் கத்துவார், விடிவதற்குள் போன் போடுவார், நேற்று தானே சொன்ன விலையை இன்று யார் சொன்னது என்று கேட்பார். இவருக்கு எந்த இன்டர்நெட்டிலும் அரை நட்சத்திரம்கூட விழாது. இருந்தாலும் கிளாடிஸுக்குப் போன் போட்டேன். ஆஷ்லியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

துபாய்க்காரன் எழுதிய ஓர் இமெயிலை அவளிடம் காட்டினார். அவள் படித்து அர்த்தம் சொல்லி, பதிலும் எழுதிக் காட்டினாள். அவருக்குத் திருப்தி.

"திங்கக்கெழமை வேலைக்கு வந்துருங்க அம்மணி."

அவள் முகம் விழுந்துவிட்டது. வெள்ளகோவிலுக்கு எப்படிப் போய் வருவாள்? வர முடியாதுங்க, பாப்பாளை விட்டுப்போட்டு எங்கேயும் நகர முடியாதுங்க என்றாள். அவருக்கு எரிச்சல் வந்தது. பேச்சுக்குச் சொன்னதற்கு இப்படிப் பயந்தால் எப்படி, வீட்டிலிருந்தே எழுதினால் போதும், மில்லுக்கு வந்து எண்ணெயா ஆட்டப் போகிறீர்கள் என்று சத்தம் போட்டார். அதோடு அவள் சரி என்று சொல்லியிருக்கலாம். பட்ட அவமானம் அப்படிச் சொல்ல விடவில்லை. எல்லாவற்றையும் முன்பே சொல்லித் தீர்த்துவிட நினைத்தாள்.

"பாப்பாளுக்கு வலிப்பு இருக்குங்க. அது வந்துச்சுன்னா நீங்க பேசிட்டு இருந்தாலும் போனை வெச்சுப்போடுவேனுங்க. சொல்லிட்டெல்லாம் வைக்க மாட்டேனுங்க."

ஈஸ்வரமூர்த்தி ஆஷ்லியைப் பார்த்தார். பிறகு, இது என்ன கேள்வி என்கிற மாதிரி கிளாடிஸைப் பார்த்தார்.

"பின்னே, வெக்காம எங்கூடப் பேசிட்டா இருப்பீங்க?"

அவ்வளவு கம்பெனிகள் சேர்ந்தும் அழவைக்க முடியாத கிளாடிஸ், ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங் பாய், நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனா?"