கொடிக்காரனின் இடது கண்

"இது கொலு பொம்மை இல்லம்மா. பளிச்சினு பூசிக் குடுத்தா ஆச்சுன்னு இருக்க முடியாது. ஒங்களால ஆகுமா?"

கேட்டவர் வளைகுடாவில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்று, திருக்கோகர்ணத்தில் குடியிருப்பவர். நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குத் தீப்பெட்டிப் படத்தைவிடச் சிறிய கொடிகள் அச்சடிக்க வந்திருந்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் நடந்த போர்களை, குட்டிச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி விளையாடுவாராம். இப்போது அந்தச் சிப்பாய்கள் முகாமில் ஓய்வெடுக்கும் காட்சி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கை நடுங்கத் தொடங்கிவிட்டதால் வண்ணம் தீட்ட ஆள் தேடினார். நான் தீட்டித் தருகிறேன் என்றதற்குத்தான் அந்தக் கேள்வி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் வரலாறு படித்தேன். இத்தாலியப் போர்கள் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக வந்தது, மூன்று பக்கம் எழுதினேன். அதை அவரிடம் சொன்னேன்.

"எழுதுறது வேற, தீட்டுறது வேற" என்று சிரித்தார். ஆனாலும் மறுநாள் பஞ்சில் சுற்றி ஒரு கொடிக்காரனைக் கொண்டுவந்தார். "இவனுக்கு மாத்து கிடையாது. வர்ற ஞாயித்துக்கிழமை பாக்குறேன். சரியா வந்தா மிச்சப் பன்னெண்டு பேரும் ஒங்களுக்கு. இல்லைன்னா பெங்களூர்ல தீட்டுற ஆளுக்கு அனுப்பிருவேன்."

கட்டைவிரலின் முதல் கணு அளவு உயரம். ஈய உடம்பு. அன்னவாசலில் எங்கள் வீட்டு ஜன்னலோரம், தைலப் புட்டி மூடியில் அவனை ஒட்டிவைத்து, காலை பஸ்ஸுக்கு முன் தினமும் ஒரு மணி நேரம் தீட்டினேன். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் மேல்சட்டைக் கையை வேண்டுமென்றே கீறிவிட்டு, உள்துணியின் வேறு நிறம் தெரியும்படி உடுத்தினார்கள். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் மஞ்சள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "சட்டையெல்லாம் கிழிஞ்சு தொங்குது. இவன் பொண்டாட்டி ஊசி நூலே எடுக்க மாட்டாளா?"

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்து கண் மட்டும் மிச்சம். கண் கடைசியில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்குக் கண் திறப்பது கடைசி வேலை. சிறுவயதிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

வலது கண் நன்றாக வந்தது. இடது கண்ணில் கை வழுக்கிக் கறுப்பு கன்னத்தில் இறங்கியது. கன்னத்தைச் சரிசெய்தேன், தோல் நிறம் மீசையில் ஏறியது. மீசையைச் சரிசெய்யப் போய், இரண்டு நாள் காலையில் வரைந்த காலர் கோடுகள் கெட்டன. அன்று அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகத்தில் மிகவும் உள்ளே இருப்பது கண். அதற்கு வெளியே கன்னம், மீசை, காலர். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மேலே முடித்துவிட்டுத்தான் கீழே வருகிறோம், சிந்துவதைக் கீழே அடிக்கும் பூச்சு மறைத்துவிடும். இங்கே நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். மண்குதிரைக் கண் உள்ளங்கை அகலம், அதற்கு எந்த வரிசையும் சரிவரும். கடுகளவுக் கண்ணுக்கு வராது.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முகத்தையும் காலரையும் ஈயம் தெரியத் துடைத்தேன். முதலில் வெள்ளை, அதன் நடுவே ஒரு கறுப்புக் கோடு, பிறகு கோடு மிஞ்சிய இடங்களைத் தோல் நிறத்தால் மூடினேன். கண் தானாக அளவுக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் காலரும் முடிந்தது.

ஞாயிறன்று அவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "காலர் பக்கம் பெயிண்ட் தடிச்சிருக்கே?"

"கண்ணுல தப்பாயிருச்சு சார். தொடச்சிட்டு மறுபடி தீட்டுனேன்."

"சொல்லாம விட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான் பாத்துட்டீங்களே."

அவர் சிரித்தார். "கண்ணு நல்லா இருக்கு. என்னையவே மொறைக்கிறான். ஆனா மத்தவனுங்களுக்குத் தடிக்கக் கூடாது" என்றபடி மிச்சப் பன்னிரண்டு பேர் இருந்த பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

இன்று காலை பன்னிரண்டு பேரும் ஜன்னலோரம் வரிசையாக நிற்கிறார்கள். உடம்பில் சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும்தான்.

"அடியே, துணிமணி போடாம கண்ணத் தொறந்து விட்டுட்டியேடி!" என்கிறாள் அம்மா.

இருபத்துநான்கு கண்களும் முடிந்துவிட்டன. முதல் ஆளின் கன்னத்துக்குத் தோல் நிறம் குழைத்து வைத்திருக்கிறேன்.