பையில் இருப்பது டென்ட்

இமாச்சலில் ஒரு மாதம் பாராகிளைடிங் செய்துவிட்டு இன்று ஊர் திரும்பினேன். கடைசி நாள் நாற்பது கிலோமீட்டர் பறந்தபின் திடீரென மழைமேகம் சூழ, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினேன்.

அம்மாவிடம் சொல்லியிருந்தது மலையேற்றம் என்று.

ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறிய காற்றாலை மெக்கானிக் ஒருவர் என் பெரிய பையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"பறக்குறதுல்லா இது? வீட்ல தெரியுமா மக்கா?"

"இல்லண்ணே. டென்ட்டுன்னு சொல்லியிருக்கேன்."

"நான் தெனமும் காத்தாடி உச்சிக்கு ஏறுதேன். வீட்டுக்காரிட்ட ஆபீஸ்ல இருக்கேன்னுதான் சொல்லியிருக்கேன். எட்டு வருசமாச்சு."

வடசேரி பஸ் ஸ்டாண்டில் அம்மா காத்திருந்தாள். பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, டென்ட் இவ்ளோ கனமா?"

"மழையில நனஞ்சிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு, கூடவே இறங்கிய மெக்கானிக் அண்ணன் நடந்துபோனார்.

நீங்களெல்லாம் வீட்டில் என்ன சொல்லிவைத்திருக்கிறீர்கள்?

சித்தி, நீங்கள் மட்டும் லைக் போட வேண்டாம். அம்மா கண்ணில் படும்.