இத்தாலிக்கு இரண்டு சிவப்பு

முறைப்பாடு ஒன்று கிடைத்தால், யார்மீது அது சொல்லப்பட்டதோ அவரை அழைத்து, அவருடைய விளக்கத்தைக் கேட்டு, அதை எழுத்தில் பதிந்த பிறகே முடிவு சொல்லவேண்டும். ஓய்வுபெறும்வரை, முதலில் யாழ்ப்பாணத்திலும் பிறகு கனடாவிலும், கல்விக் கந்தோர்களில் அதிகாரியாக இருந்து நான் பிறருக்கு எடுத்துச் சொல்லிவந்த விதி இது. பத்து வயதில் எனக்கு இது தெரியாது. எங்கள் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

எழுபதாம் ஆண்டு உலகக் கிண்ணம் எங்களுக்கு மண்ணெண்ணெய் மணக்கும் பத்திரிகைத் தாளாகத்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. அந்தப் பருவத்தில் பாடசாலையில் ஒரு போட்டி வைத்தார்கள்: உதைபந்தாட்ட நாடுகளின் கொடிகளுக்கு நிறம் தீட்டவேண்டும், பரிசு, இருபத்துநான்கு "கலர்பென்சில்" கொண்ட பெட்டி. பத்திரிகையில் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல்தான். ஆகவே வகுப்பு முழுவதும் இத்தாலிக் கொடியின் இரண்டு ஓரங்களுக்கும் சிவப்பைப் பூசினோம். அப்படிப் பூசினால் அது பெரு நாட்டின் கொடி என்பது யாருக்கும் தெரியாது.

நிஸ்தார் மட்டும் ஒரு பக்கம் பச்சை தீட்டியிருந்தான். தையற்காரரின் மகன், என் வாங்கில் பக்கத்தில் இருப்பவன். அவனுக்கு முதலிடம், கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டிய எனக்கு இரண்டாமிடம். சரியான நிறங்கள் இருந்த ஒரே புத்தகம் தலைமையாசிரியரின் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அந்தப் பூட்டின் திறப்பைத் தினமும் அவருக்கு எடுத்துக் கொடுப்பவன் நிஸ்தார். இவ்வளவும் போதுமானதாக இருந்தது. "நிஸ்தார் விடையைப் பார்த்திருப்பான் என்று சந்தேகிக்கிறேன்" என்று திகதியும் கையொப்பமும் இட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். எழுத்தில் நான் அப்போதே கெட்டிக்காரன்.

தலைமையாசிரியர் அவனை எல்லார் முன்னிலையிலும் எழுப்பினார்.

"திறப்பு உன்ர கையில, விடை உன்ர தாளில. பிறகென்ன கதை?"

கேள்விபோல ஒலித்தாலும் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பலகையில் ஒட்டியிருந்த அவனுடைய தாளைக் கிழித்தார். வகுப்பு அவனை "அளாப்பி" என்று கத்தியது. விளையாட்டில் கள்ளம் செய்கிறவனுக்கு எங்கள் தெருவில் அதைவிடக் கேவலமான பட்டம் இல்லை. பெட்டி என் கைக்கு வந்தது.

வாசலில் நிஸ்தார் மறித்தான்.

"நீ கண்டனியோடா?"

"சந்தேகம் எண்டுதானே எழுதினனான்."

"பக்கத்திலதானே இருக்கிறன். என்னட்டக் கேட்டிருக்கலாமே, மடையா!"

ஒரு மாதம் கழித்து, கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த அவனுடைய மாமா லீவில் வந்திருந்தார். சிகரெட் பெட்டி மட்டைகளில், வந்துபோகும் கப்பல்களின் கொடிகளை நிறத்தோடு வரைந்து மருமகனுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கமாம். தையற்கடையில் அந்த மட்டைகளை நானே பார்த்தேன். இத்தாலியும் இருந்தது, பச்சையோடு. முறைப்பாட்டை எழுத்தில் மீளப்பெற்றிருக்கலாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்பதால் பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

இந்த வசந்தத்தில், கனடாவில், ஸ்காபரோ நூலகத்தில் என் பேத்திக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள்: உலகக் கிண்ணத் தகவல்கள், நிறம் தீட்டக் கொடிகள். இலவசமாகத் தரும் எதையும் நான் நம்புவதில்லை. முதலில் வென்றது உருகுவே என்பதையும், மஞ்சள், சிவப்பு அட்டைகள் எழுபதில்தான் அறிமுகமாயின என்பதையும் தனித்தனியே சரிபார்த்தேன். பிழை ஒன்றும் அகப்படாதது சற்று ஏமாற்றம்தான். பேத்தி இத்தாலியை எடுத்தாள். என் கை தானாகச் சிவப்புப் பென்சிலை நீட்டியது.

"கெஸ் பண்ணாதேங்கோ, அம்மப்பா. செக் பண்ணுங்கோ" என்றாள்.

நிஸ்தாரும் இங்கேதான், பிறம்ரன் நகரில் இருக்கிறான் என்பதை ஒரு கலியாண வீட்டில் கேள்விப்பட்டு ஆறு வருடங்களாகியிருந்தன. அன்றிரவே எழுதினேன்: நடந்தவை, நான் அறிந்தவை, அறிந்தும் மறைத்தவை, இலக்கமிட்ட பந்திகளில். பதிவுத்தபாலில் அனுப்பினேன். வாரக்கணக்காகப் பதில் இல்லை. தபாலைச் சந்தேகித்தேன், விலாசத்தைச் சந்தேகித்தேன். அவனுக்கு எழுத விருப்பமில்லாமல் இருக்கலாம் என்று மட்டும் சந்தேகிக்க மனம் வரவில்லை.

அந்தப் பாடசாலைக் கட்டடம் இப்போது இல்லை. தலைமையாசிரியரும் இல்லை. தையற்கடையும் இல்லை, தொண்ணூறில், முஸ்லிம்கள் என்பதற்காக, நிஸ்தாரின் தெருவையே ஆயுதம் ஏந்திய இயக்கத்தினர் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அங்கேயும் சந்தேகம்தான் காரணம், அங்கேயும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்தச் செய்தியை நான் கனடாவில் வாசித்தபோது அந்த முறைப்பாட்டின் கீழ் நான் இட்ட கையொப்பம்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் நிஸ்தாரின் பதில் ஒற்றைத் தாளில் வந்தது. "வாப்பா மௌத்தாகும்வரைக்கும் நான் களவாப் பாத்தனான் எண்டுதான் நம்பினவர். பெரிய வாத்தியார் பிழை விடமாட்டாராம். உன்ர கடிதத்த அவருக்கு வாசிச்சுக் காட்ட ஏலாது. என்ர பிள்ளையளுக்கு வாசிச்சனான், ரெண்டு தரம். ஒருநாள் வா."

கந்தோர்ப் பழக்கத்தில் தாளின் மேல் ஓரத்தில் குறித்துவைத்தேன்: பெறப்பட்டது, ஜூன் பதினைந்து, திங்கட்கிழமை.