வாசலோரத்துச் சம்ப்

அன்று வீட்டில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், அக்காவின் ஒன்றரை வயது மகள் இருந்தாள், நானும் இருந்தேன். அப்பா மட்டும் இல்லை. வெங்காய மண்டிக்கு மூட்டை இறக்கப் போயிருந்தார். ஆள் குறைவு என்று சொல்ல முடியாது.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் நாள் சின்ன வயதிலிருந்தே எனக்குத் திருவிழா. முதலில் குழாயில் காற்று உறுமும். "ஏலே, வந்திருச்சு, வந்திருச்சு!" என்று குரல் தெருக்கோடியிலிருந்து வீடு வீடாக ஓடிவரும். அன்றைக்குப் பள்ளிக்கு லேட்டானாலும் யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் வரும் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாடை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

சொந்த வீடு கட்டியபோது வாசலோரம் சம்ப் தோண்டினோம். அப்பாவுக்கு அந்த நிலத்தடித் தொட்டியில் தனிப் பெருமை. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு வயற்கிணற்றில் விழுந்துதான் அவருடைய தம்பி சிறுபிள்ளையாகவே போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு குடும்பமே டவுனுக்கு வந்தது. "எம் பேரப்பிள்ளைக கிணத்தையே பாக்கக் கூடாது" என்பார். சம்ப்பும் கிணறுதான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமென்று கான்கிரீட் வேலையில் மிஞ்சிய சென்ட்ரிங் பலகை ஒன்றைப் போட்டு வைத்தோம். நான் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பலகைதான் கிடந்தது.

அன்று தண்ணீர் வந்ததும் பலகையைத் தள்ளி டியூபை உள்ளே விட்டேன். குழாயடியில் டியூப் கழன்றது, மாட்டப் போனேன். அம்மா குடம் கழுவினாள். அக்கா பொங்கிய பாலை இறக்க உள்ளே ஓடினாள்.

"பாப்பா ஒங்கிட்டதானடா?" உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"அம்மாகிட்ட இருக்கா."

"எங்கிட்ட எங்க இருக்கா?" என்றாள் அம்மா.

நான் சம்ப்புக்குள் குதித்தபோது தண்ணீர் என் இடுப்புக்குக்கூட வரவில்லை. குழந்தைக்கு அது போதும். தூக்கி வெளியே கிடத்தினேன்; மூச்சில்லை. "தலகீழாப் பிடிலே!" என்று பக்கத்து வீட்டு அத்தை கத்தினார். அப்படிச் செய்யக் கூடாதென்று காலேஜ் முதலுதவி வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். வாயும் மூக்கும் சேர என் வாயை வைத்து மெல்ல ஊதினேன். திரும்பவும் ஊதினேன். இருமினாள். அப்புறம் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத் தெருவே அழுதது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒருநாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அப்பா வந்து சம்ப்பருகே வெகுநேரம் நின்றார். "வேணாம் வேணாம்னு ஓடியாந்து, வாசல்லயே வெட்டி வச்சிருக்கேனே, அப்பு" என்றார் என்னிடம்.

மறுநாளே நத்தம் ரோட்டுப் பட்டறைக்குப் போனோம். பூட்டுப் போட இரும்பு மூடி. அதற்குக் கீழே டியூப் மட்டும் நுழையும்படி கம்பி வலை. தண்ணீர் வரும் நாளில் எங்களில் ஒருவருக்குப் பாப்பாவைப் பார்ப்பது மட்டுமே வேலை. குடத்தைத் தொடக் கூடாது. அக்கா அதைச் சத்தியமாகவே வாங்கிவிட்டாள்.

இப்போதெல்லாம் குழாய் உறுமினால் தெருவில் முதல் குரல் பாப்பாவுடையதுதான்: "வந்திருச்சு!" மாமா என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு கத்துவாள்.

மூடி, வலை, வெல்டிங் கூலி, பூட்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூறு ரூபாய் ஆனது.