அத்தானை எனக்கு அறிமுகப்படுத்தியவர்

போர் முடிந்த மறுவருடம், கம்பனிகளையும் அரசாங்கத்தையும் இணைக்கும் சங்கமொன்று கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தது. அதன் இணைப்பாளர் வாவிக்கரை வெக்கையிலும் கோட் போட்டிருந்தார். அகப்பட்ட இருவரைப் பிடித்துக் கைகுலுக்க வைத்துப் படமெடுப்பதுதான் அவருடைய வேலை.

கல்குடாவில் ஐஸ் தொழிற்சாலை போட அனுமதி கேட்டு அலைந்த என்னையும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் அதிகாரி ஒருவரிடம் இழுத்துப்போனார்.

"இவர் அரசாங்கம், நீங்க தனியார். பழகிக்கொள்ளுங்க."

அரசாங்கம் என் அக்காவின் புருஷன். சுனாமி வீட்டுப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்காமல் விட்டதிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. கமராவுக்காகக் கைகொடுத்தோம். அத்தான் கையை விடவில்லை.

"பைலக் கொண்டு வாடா. அக்கா நெடுக அழுறா."

இணைப்பாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த சோடியைத் தேடிப் போய்விட்டார். அவர் தந்துபோன விசிட்டிங் கார்டை அக்கா சாமித்தட்டில் வைத்திருக்கிறா. சந்தனம் பூசிப் பூசி, பெயர் அழிந்துவிட்டது.