நின்றால்தான் பிழைப்பு

என் அக்கா புருஷன் விமானப் பட்டறையில் புரொப்பல்லர் விசிறிகளைப் பிரித்து மாட்டுகிறவர். வீட்டில் குழாய் ஒழுகினால் தொட மாட்டார். போன வாரம் அவர் பூட்டி அனுப்பிய ரெட்டை எஞ்சின் விமானத்தில் அவர் மகள் வந்துகொண்டிருந்தாள். நாங்கள் ஓடுபாதை ஓரம் நின்றிருந்தோம். இறங்க வட்டமடிக்கும்போது இடது எஞ்சின் புகை கக்கிச் செத்தது. அதன் விசிறி மட்டும் எதிர்க்காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது.

“நில்லு, நின்னு தொலை!” என்று மச்சான் கத்தினார்.

அக்கா அவர் முதுகில் ஓங்கி அடித்தாள். “பொண்ணு உள்ள இருக்கா. வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“அடியே, அது சும்மா சுத்தினா விமானத்தை ஒரு பக்கமா இழுத்துக் கவுத்துடும்.”

எஞ்சின் ஓடும்வரை எண்ணெய் அழுத்தம் பிளேடுகளைச் சரியான சாய்வில் பிடித்திருக்கும். எஞ்சின் செத்தபின் விமானி அந்த எண்ணெயை வடியவிட்டால், விசிறியின் நடுக்குடத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங் அவற்றைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டும். விசிறி நின்றுவிடும். அந்த ஸ்பிரிங்கை வைத்தவர் மச்சான்தான்.

விமானம் இடப்பக்கம் சரிந்தது. அக்கா என் கையில் நகம் பதியப் பிடித்தாள். அப்புறம்தான் விசிறி தயங்கித் தயங்கி நின்றது. விமானம் நிமிர்ந்து தரை தொட்டது.

மகள் இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மச்சான் நேரே விசிறியிடம் போய் பிளேடைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அதான் வந்து சேர்ந்துட்டாளே, வாங்க மச்சான்.”

“லேட்டா நின்னுச்சு மாப்ள. உள்ள ஏதோ பிடிக்குது. இதே மாதிரி இன்னும் மூணு விமானத்துக்குப் பூட்டி அனுப்பியிருக்கேன். அதெல்லாம் இப்ப மேல பறந்துட்டு இருக்கு.”